நாச்சிமுத்து பைனல் ஏழு

கொடைக்கானலில் யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் நதியாவின் கை படாமல் நடந்துவிடாது. மூஞ்சிக்கல்லில் திருமலைச்சாமி நடத்தும் பிளக்ஸ் கடையில் பதினோரு வருஷமாக அவள்தான் டிசைனர். கல்யாண பிளக்ஸில் மாப்பிள்ளையாக நின்றவரை மூன்றாம் வருஷம் மகனின் காதுகுத்து பிளக்ஸில் அப்பாவாக வெட்டி ஒட்டியிருக்கிறாள். அவருடைய அப்பாவைக் கண்ணீர் அஞ்சலியில் மேகங்களுக்கு நடுவே உட்கார வைத்திருக்கிறாள். இது போக ஏரிக்கரை ஓட்டல்களின் மெனு கார்டு, சாக்லேட் டப்பா, தைல பாட்டில் லேபிள், 'ரூம் உள்ளது' போர்டு. ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஏரியைப் பார்க்கிற நேரத்தைவிட அவள் வேலையைப் பார்க்கிற நேரம்தான் அதிகம். அது அவர்களுக்குத் தெரியாது.

அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அது கஸ்டமருடையது. அதில் உட்கார்ந்தவுடன் எந்தச் சாதுவான மனிதருக்கும் ஒரு தோரணை வந்துவிடும். "எங்கண்ணன் மூஞ்சியை இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க." "மச்சான் மூஞ்சியைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க." "என்னைய வெள்ளையாக்குங்க, ஆனா ஆக்குனது தெரியப்படாது." பின்னணியில் சிங்கம் கேட்பார்கள். சிங்கம் வந்ததும் அருவி கேட்பார்கள். அருவி வந்ததும், சிங்கத்தை எங்கே காணோம் என்பார்கள். எல்லாவற்றுக்கும் நதியாவிடம் ஒரே பதில்தான் உண்டு: "சரிங்க, மாத்திடலாம்." தூக்கத்தில்கூட அவள் இதைச் சொல்வதாக அவள் கணவன் பாலமுருகன் சத்தியம் செய்கிறான்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு ஆசை வந்தது. வந்த இடம் வில்பட்டியிலிருந்து டவுனுக்கு வரும் காலை பஸ். ரோட்டை மறித்துக்கொண்டு ஒரு காட்டுமாடு நின்றது. இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டார். மேகம் இறங்கி மாட்டின் கால்களை மூடியிருந்தது. முதுகு மட்டும் ஒரு கரட்டு மேடு மாதிரி மேலே நின்றது. அந்த முதுகில் நதியாவுக்குப் படிப்படியாகப் பூண்டுத் தோட்டம் தெரிந்தது. தோட்டத்துக்கு மேலே ஓட்டு வீடுகள் தெரிந்தன. மழை பொய்த்த வருஷத்தில் மாடு எழுந்து, ஊரை அப்படியே தூக்கிக்கொண்டு, மழை பெய்கிற மலையைத் தேடி நடக்கும். நிஜ மாடு இரண்டு நிமிஷத்தில் ரோட்டைவிட்டு இறங்கிப் போய்விட்டது. இந்த மாடு மட்டும் அவளோடேயே கடைக்கு வந்தது, வீட்டுக்கும் வந்தது.

தீபாவளி போனஸில், பேனாவால் வரைகிற டேப்லெட் ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார்ந்தாள். கை ஓடவில்லை. கொம்பு அகலமாகவா, குறுகலாகவா? வீடு பத்தா, இருபதா? யாரைக் கேட்பது? கணவனைக் கூப்பிட்டால் அவன் திரையைப் பார்ப்பதற்கு முன்பே "சூப்பரு" என்றான். பாசம் நல்லதுதான், ஆனால் அதை வைத்து ஒரு கோடுகூடப் போட முடியாது. நாலு ஞாயிறு இப்படியே போனது. பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலியின் சொல்படி ஓடிய கைக்கு, அந்த நாற்காலி காலியாக இருந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலாவது ஞாயிறு அவள் அழுதேவிட்டாள்.

கார்த்திகை மழையில் கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது, நதியா ஆர்டர் நோட்டை இழுத்துத் திறந்தாள். யோசிக்காமல் எழுதினாள். பெயர்: நாச்சிமுத்து. ஊர்: மன்னவனூர். அளவு: எட்டுக்கு ஆறு. விவரம்: காட்டுமாடு, முதுகில் ஊர். போன் நம்பர் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

அவ்வளவுதான், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். காக்கி ஸ்வெட்டர், மங்கி குல்லா, மடியில் வெற்றிலைப் பொட்டலம். லேசில் திருப்தியாகாத ஆள். 'கொம்பு இம்புட்டுத்தானா? இன்னும் அகலமாப் போடு' என்றார். கை ஓடியது. 'காலுக்கு ஏன் கருப்பு? காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழ வெள்ளைன்னு தெரியாதா?' என்றார். அந்த வெள்ளையை மேகத்தைக் கொண்டே வரைந்தாள். அன்றிலிருந்து டேப்லெட்டும் கடைக்கு வந்தது, தினமும் மதியச் சாப்பாட்டு நேரம் நாச்சிமுத்துவுடையது ஆனது. வீடுகளின் அடுப்புக்கு மேலே புகையில் பூண்டுக் கட்டுகள் தொங்கின. மாட்டின் காதோரம் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. வாலைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஊஞ்சலாடினார்கள். ஒரே ஒரு விஷயத்தில் நாச்சிமுத்து மற்ற கஸ்டமர்களைப் போல இல்லை. தன் போட்டோவைப் போடு என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை.

ஒரு இடத்தில்தான் இரண்டு பேருக்கும் தகராறு. மாட்டின் இடது கொம்பின் நுனியில் நதியா ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. 'இந்தப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி?' என்று நாச்சிமுத்து கேட்டார். நியாயமான கேள்விதான் என்று பட்டது. பெண்ணின் கையில் துவைத்த துணியைக் கொடுத்தாள். சோப்பு விளம்பரம் மாதிரி ஆனது. பூண்டுக் கட்டைக் கொடுத்தாள். மண்டிக் காலண்டர் மாதிரி ஆனது. ஒரு கைக்குழந்தையைக் கொடுத்துப் பார்த்தாள். குழந்தை விழுந்துவிடுமே என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஆளையே எடுத்துவிட்டால் கொம்பு வெறிச்சென்று இருந்தது. ஒவ்வொன்றையும் கடைக் கம்ப்யூட்டரில் தனித்தனியாகச் சேமித்தாள். டிசைனர்களின் பழக்கம் அது: 'பைனல்' என்று பெயர் வைப்பார்கள், எதுவும் முடிந்திருக்காது. 'நாச்சிமுத்து பைனல் ஏழு' என்ற ஏழாவது படத்தில் அந்தப் பெண் வெறுங்கையோடு மறுபடியும் கொம்பில் வந்து உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்துவின் கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை.

திருமலைச்சாமி கெட்ட மனிதர் இல்லை. பழனிக்காரர், கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர். ஆனால் நோட்டில் முடியாத ஆர்டர் ஒன்று கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஏம்மா நதியா, யாரு இந்த நாச்சிமுத்து? ஒரு மாசமாத் தொங்குதே?"

"மன்னவனூர்க்காரருங்கண்ணே. கோயிலுக்குக் கேட்டாரு."

"போன் நம்பரைக் காணோம்?"

"அவுக வீட்டுப் பக்கம் டவர் எடுக்காதுங்கண்ணே."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். முதல் பொய்க்குத் துணையாக இரண்டாவது தானே வந்து நின்றது. 'எனக்காக வரையறேண்ணே' என்று ஒரு வரியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் படம் நன்றாக இருந்தாக வேண்டும். நாச்சிமுத்துவுக்கு வரைந்தது என்றால், நன்றாக இல்லாவிட்டாலும் பழி அவர் தலையில் போகும். அந்த வசதியை விட அவளுக்கு மனசில்லை.

பழனியில் நாத்தனாருக்கு வளைகாப்பு. நதியா மூன்று நாள் லீவு போட்டுப் போனாள். தொங்குகிற ஆர்டர்களையெல்லாம் முடித்துவிடுவது என்று திருமலைச்சாமி கிளம்பியது அந்த மூன்று நாளில்தான். கம்ப்யூட்டரில் நாச்சிமுத்துவைத் தேடினார். ஏழு பைனல் இருந்தன. கடைசியைத் திறந்தார். மெஷினுக்கு அனுப்பப் போகும்போதுதான் கவனித்தார், பிளக்ஸில் ஒரு எழுத்துகூட இல்லை. வாழ்த்து இல்லை, வரவேற்பு இல்லை, யார் வைத்தது என்பதும் இல்லை. பெயர் இல்லாத பிளக்ஸை இந்த மலையில் எவன் கட்டுவான்? பிள்ளை அவசரத்தில் மறந்துவிட்டது என்று நினைத்து, நோட்டைப் பார்த்து, தானே மஞ்சள் நிறத்தில் கொட்டை எழுத்தில் தட்டினார்: இவண், நாச்சிமுத்து, மன்னவனூர்.

பிரிண்ட் போட்டு, ஓரத்தில் கயிறு கட்ட வளையம் அடித்து, சுருட்டி வைத்துக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. வாங்க ஆள் வராத பிளக்ஸுக்கு இந்த ஊரில் மூன்று கதிதான் உண்டு. மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகும், விறகுக்கு மூடாக்காகும், இல்லையென்றால் காய்கறி லோடுக்கு மேலே போகும்.

நதியா திரும்பி வந்து பையை வைப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"உன் நாச்சிமுத்து வரவே இல்ல தாயி. நம்ம வேல்ராஜ் மதுரைக்குக் கேரட் ஏத்திட்டு நின்னான், தார்ப்பாய் கிழிஞ்சு கெடக்கு, மழை வேற. 'ஏலே, இதைப் போட்டு மூடிட்டு வெரசாக் கெளம்பு'ன்னு தூக்கிக் குடுத்துட்டேன். பேரு போட மறந்துட்டியே, நான்தான் போட்டேன்."

"யாரு பேருண்ணே?"

"ஆர்டர் குடுத்தவரு பேருதான். வேற யாரு பேரைப் போடுவாக?"

திரையில் காட்டினார். நதியா பையைக் கீழே வைக்காமலே பார்த்தாள். மேகத்தின் மேல், மாட்டின் வெள்ளைக் காலை மறைத்துக்கொண்டு, அந்த மஞ்சள் எழுத்து உட்கார்ந்திருந்தது. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த படம் இப்போது கேரட் மூட்டைக்கு மேலே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயத்துக்கு மேலே ஒரு கோபம் ஏறியது. இந்தக் கையால் எத்தனையோ பெயர்களை எத்தனையோ படங்களில் அடித்திருக்கிறாள். ஒரு பெயரும் இப்படிச் சுட்டதில்லை. அன்றிலிருந்து நாச்சிமுத்துவை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அவரும் மதியத்தில் வந்து உட்காரவில்லை. டேப்லெட்டை உறையில் போட்டு மூடினாள்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கைத்தறிச் சேலை கட்டிய ஒரு நடுவயதுப் பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால், சுருட்டிய பிளக்ஸைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒல்லியான ஒரு பெரியவர் இறங்கினார். காக்கி ஸ்வெட்டர். நதியா பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான், இந்த மலையில் பாதிப் பேர் காக்கி ஸ்வெட்டர்தான் போடுவார்கள் என்பது ஞாபகம் வந்தது.

வந்தவள் பெயர் லாவண்யா. மதுரையில் பிள்ளைகளுக்கான படப் புத்தகம் போடுகிறவள். மலை இறங்கும் காட் ரோட்டில் மரம் விழுந்து வண்டிகள் நின்ற அன்றைக்கு, வேல்ராஜின் கேரட் வண்டிக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டவள் அவள்தான்.

"ஒன்றரை மணி நேரம் இந்தப் படத்தையேதாங்க பாத்துட்டு இருந்தேன்" என்றாள் திருமலைச்சாமியிடம். "ரோடு கிளியர் ஆனப்ப எனக்கு வருத்தமா இருந்துச்சு. அந்த டிரைவருக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கிக் குடுத்துட்டு இதை வாங்கிக்கிட்டேன். பேரைப் பாத்து மன்னவனூர் போனா, அங்க மூணு நாச்சிமுத்து இருக்காங்க. ரெண்டு பேரு வெரட்டிவிட்டாங்க. டிரைவர் சொன்ன இந்தக் கடைக்கு ஐயா மட்டும்தான் கூட வந்தாரு."

"நான் படமும் வரையல, பிளக்ஸும் கேக்கல" என்றார் பெரியவர். "பூண்டைப் போட்டுட்டுச் சிவனேன்னு கெடக்கேன். என் பேரை எவன் போட்டான்னு கேட்டுப்புட்டுப் போவோம்னு வெள்ளனே கெளம்பி வந்தேன். என் பேரு இருக்குல்ல, அதான் பிளக்ஸையும் நானே தூக்கிட்டு வாரேன்."

"எனக்கு இதை வரைஞ்சவங்க வேணும்" என்றாள் லாவண்யா. "ஒரு முழுப் புத்தகம் கேக்கணும். கதையும் அவங்களே சொல்லட்டும், படமும் அவங்க இஷ்டம். நான் குறுக்க வரமாட்டேன்."

திருமலைச்சாமிக்கு வேர்த்துவிட்டது. கோயில் ஆர்டர் என்று நம்பி அடித்தவர், இப்போது யாருடைய பெயரையோ யாருடைய படத்திலோ போட்டதாகப் பிரச்சினை வந்துவிடுமோ என்று பயந்தார். "அது நெட்ல எடுத்த படமா இருக்கும்ங்கம்மா" என்றார். "எங்க கடைல யாரு வரையறா? வெட்டி ஒட்டுறதோட சரி."

லாவண்யாவின் முகம் வாடிவிட்டது. "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியைக் கையில் எடுத்தாள்.

நதியா தன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்தால் போதும். கார் போய்விடும், பெரியவர் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவார், அவள் சொன்ன பொய்யும் அவர்களோடேயே போய்விடும். திங்கட்கிழமை பூப்புனித நீராட்டு ஒன்று இருக்கிறது, அதற்கு மயில் பின்னணி. யாருக்கும் எதுவும் தெரியவே போவதில்லை. யாருக்கும் தெரியவே போவதில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நெட்ல எடுக்கலைண்ணே." நதியா எழுந்து நின்றாள். "நான்தான் வரைஞ்சேன். நோட்டுல எழுதுனதும் நான்தான். எனக்காக வரையறேன்னு சொல்ல வாய் வரல. மன்னிச்சுருங்கண்ணே."

திருமலைச்சாமி பேய் முழி முழித்தார். "அப்ப நாச்சிமுத்து?"

"அப்படி ஒரு ஆளே கெடையாதுண்ணே."

"ஏத்தா, நான் இந்தா நிக்கேன்ல" என்றார் பெரியவர்.

முதலில் சிரித்தது லாவண்யா. அப்புறம் திருமலைச்சாமி. நதியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. லாவண்யா கார் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு, கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் படத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள். நதியா முதல் காரியமாக அந்த மஞ்சள் எழுத்தை அழித்தாள். மாட்டின் காலுக்கு மறுபடியும் மேகம் வந்தது.

பிளாஸ்டிக் நாற்காலி சும்மாதான் கிடந்தது. பெரியவர் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்கும் அந்தத் தோரணை வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. பூண்டைப் புகையில கட்டிருக்க பாரு, அதுலயே தெரியுது நீ நம்ம பக்கத்துப் பிள்ளைன்னு" என்றார். திரைக்குக் கிட்டே குனிந்தார். "ஆனா ஒண்ணு. கொம்புல உக்காந்திருக்கே, இந்தப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி? அதைத் தூக்கிட்டு, முருகனோட வேல் ஒண்ணை நட்டுரு. பாக்க அம்சமா இருக்கும்."

"அட, ஆமாம்மா. வேல் வச்சா எடுப்பா இருக்கும்ல" என்றார் திருமலைச்சாமி.

லாவண்யா எதையோ சொல்ல வாயெடுத்து, குறுக்கே வரமாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நதியாவின் நாக்கு நுனிக்கு 'சரிங்க' வந்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம், அதை அவள் கூப்பிட வேண்டியதே இல்லை. கைகூட மவுஸுக்குப் போய்விட்டது. அப்போது கொம்பில் இருந்தவளைப் பார்த்தாள். வெறுங்கை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஊரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். நதியா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லைங்கய்யா. அவ அங்கதான் இருப்பா."

"சும்மாவா?"

"சும்மாதான்." சொல்லும்போதுதான் அவளுக்கே மிச்சமும் தெரிந்தது. "எல்லாரும் மாட்டு முதுகுல குடியிருக்காக. தாங்க இருக்கறது மாட்டு மேலன்னு அவுகளுக்குத் தெரியாது. ஊரு நகருதுன்னும் தெரியாது. கொம்புக்கு வந்து உக்காந்து திரும்பிப் பாத்தாத்தான் முழுசாத் தெரியும். இவ ஒருத்திதான் வந்து உக்காந்துருக்கா. அவளை எடுத்துட்டா இதைப் பாக்க ஆளே இல்லைங்கய்யா."

வெளியே ஒரு டூரிஸ்ட் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பெரியவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

"அப்பச் சரி. இருந்து பாக்கட்டும்" என்று எழுந்தார். "அந்த பிளக்ஸு உனக்கு வேணுமா தாயி? இல்லாட்டி நான் கொண்டுபோறேன். ஊருக்குள்ள மூணு நாச்சிமுத்துல இப்ப நான்தான் பெரிய ஆளு."

"கொண்டுபோங்கய்யா" என்றாள் நதியா. அதை விலை கொடுத்து வாங்கிய லாவண்யாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் இதிலும் குறுக்கே வரவில்லை.

திருமலைச்சாமி ஆர்டர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என்ன நடந்தாலும் ஆர்டர் என்று ஒன்று வந்தால் நோட்டில் ஏறியாக வேண்டும். நாச்சிமுத்து இருந்த வரியை அடித்தார். புதுப் பக்கம் புரட்டினார். பதினோரு வருஷமாகத் தெரிந்தவளிடம், புது ஆளிடம் கேட்கிற குரலில் கேட்டார்.

"பேரு?"

"நதியா."

"ஊரு?"

"வில்பட்டி."

"விவரம்?"

"புத்தகம். படமும் கதையும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம், சனிக்கிழமை இனிமே எனக்கு லீவு வேணும்ண்ணே."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே அதையும் எழுதினார், விவரத்தில் அதற்கு இடமே இல்லாவிட்டாலும்.

"டெலிவரி எப்பம்மா? தேதி சொல்லு."

மற்றவர்கள் வேலைக்கென்றால் அவர் கேட்பதற்கு முன்பே அவள் தேதி சொல்லிவிடுவாள்.

"அது முடியறப்ப நானே சொல்றேண்ணே. அதுவரைக்கும் தயவுசெஞ்சு நீங்க பிரிண்ட் போட்டுராதீங்க."